அம்புக்குறி இல்லாத கண்ணாடி

நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் ஒரே மோட்டார் சைக்கிளை வைத்திருப்பவன் நான். மலேசியாவின் ஈப்போவில் என்னை அறிந்தவர்கள் அனைவருக்கும் இது தெரியும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த காலத்தில், பணி முடிந்து தம் நாடு திரும்பிய ஐரோப்பியப் பொறியாளர் ஒருவரிடமிருந்து அதை வாங்கினேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதுவது விளம்பரமாகிவிடும் என்பதால் தவிர்க்கிறேன். ஜெர்மனியில் செய்யப்பட்டது. இயந்திரத்தின் இரண்டு உருளைகளும் இரு பக்கமும் தோள்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். காற்றும் மழையும் ஓட்டுபவர்மீது அறையாதபடி முன்புறம் முழுவதும் கவசம் உண்டு. வேகமாகவும் போக வேண்டும், நாள் முழுவதும் ஓட்டினாலும் முதுகு வலிக்கக் கூடாது என்று எண்ணிச் செய்த வகை; ஸ்போர்ட் டூரர் என்பார்கள். கேமரன் மலையின் வளைவுகளில் அது சாய்ந்து நிமிர்வதைப் பார்த்தவர்கள் பிறகு என்னிடம் வேறு வண்டிகளைப் பற்றிப் பேசியதில்லை. தாய்லாந்து எல்லைவரை பதினேழு முறை போய் வந்திருக்கிறேன். ஒரு முறையும் அது லாரியில் ஏறி வீடு திரும்பவில்லை.

எங்கள் ஊரில் பழைய வண்டிக்காரர்கள் பதினொருவர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறோம். நான் தலைவர். சங்கத்தின் ஆண்டு மலரில் நான் எழுதிய கட்டுரையை எவரோ இணையத்தில் ஏற்றிவிட, அதைப் படித்துவிட்டுப் புதுச்சேரியிலிருந்து சவரிராயன் என்பவர் எனக்கு எழுதினார். பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவ்வூரில் இத்தகையவர்களைச் சொல்தா என்கிறார்கள். பணி முடிந்து ஊர் திரும்பியபோது, கட்டில் பீரோவோடு கப்பலில் தம் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். என் வண்டியும் அவர் வண்டியும் ஒரே வகை. நிறமும் ஒன்றே, மங்கிய வெள்ளி.

அவருடைய சிக்கலை விளக்க வேண்டும். பிரான்சில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். எதிரே வருபவரின் கண் கூசாமல் சாலையோரம் மட்டும் தெரிவதற்காக, அந்நாட்டு முகப்பு விளக்கின் கண்ணாடி, ஒளியை வலப்பக்கம் சற்றே தூக்கி வீசும்படி வார்க்கப்பட்டிருக்கும். இந்தியாவிலும் மலேசியாவிலும் நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இங்கே அதே விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் நேராகப் பாயும். முன்பெல்லாம் இதை யாரும் கவனிக்கவில்லை. இம்முறை பதிவைப் புதுப்பிக்கப் போனபோது ஆய்வாளர் கவனித்துவிட்டார். சவரிராயன் கண்ணாடியில் ஒளி ஏறும் பகுதியைக் குத்துமதிப்பாக மறைத்துக் கறுப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு மறுபடி போனார். விளக்கின் சூட்டில் டேப் இளகி, ஆய்வாளரின் கண்முன்னே வழுக்கி இறங்கியது. மூன்றாவது வாய்ப்பு வெள்ளிக்கிழமை. அதிலும் தவறினால் வண்டியை விற்றுவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வாங்கக் காத்திருந்தவர் கடற்கரைக்கு அருகில் உணவகம் நடத்துபவர். அவருக்கு ஓட்டும் எண்ணமில்லை. வாசலில் நிறுத்தி, இருக்கையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பூந்தொட்டி வைக்கப் போகிறாராம்.

பூந்தொட்டி என்ற சொல்லைப் படித்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

இடப்பக்கச் சாலைக்கு உரிய கண்ணாடி என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று என் வண்டியில். மற்றொன்று, பெட்டி பிரிக்கப்படாமல், என் அலமாரியின் மேல்தட்டில். சங்கக் கூட்டங்களில் இந்த இரண்டாவது கண்ணாடியைப் பற்றி நான் குறிப்பிட்டதுண்டு. சற்று அடிக்கடியே குறிப்பிட்டிருக்கலாம். அதைத் தபாலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானே கொண்டுவருகிறேன் என்று எழுதினேன். புறப்படும் நாளில் என் மகன், “ஒருதடவ பிரிச்சுப் பாத்துருங்கப்பா” என்றான். ஒட்டிய பெட்டியை ஒட்டியபடியே சேர்ப்பிப்பதுதான் முறை என்று பதில் சொன்னேன். இந்தப் பதிலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போனேன். பெட்டியை என் மனைவியின் பழைய சாரோங் கைலியில் சுற்றி, பிஸ்கட் டின் ஒன்றில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்கும்வரை பொறுத்துப் பார்த்தார்.

“என்னா சார் மடியில, கேக்கா?”

“முகப்பு விளக்கின் கண்ணாடி.”

“வண்டிக்கா? அதான் பாண்டில தெருவுக்குத் தெரு கட வெச்சிருக்கானே.”

“இது அங்கே கிடைக்காது.”

அவர் என்னைச் சிறிது நேரம் கவனித்தார். “சார் ரேடியோல நியூஸ் வாசிக்கறவரா?”

நான் ஆசிரியன் என்றேன். “அதான பாத்தேன்” என்று ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

மரக்காணத்துக்கு முன்னால் டயர் வெடித்தது. எங்களை இறக்கி, பின்னால் வந்த பேருந்தில் ஏற்றினார்கள். அதில் உட்கார இடமில்லை. ஒரு கையில் கம்பி, மறு கையில் டின் என்று நான் நின்றிருந்தபோது, உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி ஒன்றும் கேட்காமல் கையை நீட்டி டின்னைப் பிடித்துக்கொண்டார். “குடுங்க ஐயா, மடியில வெச்சிக்கறேன். நின்னுகினு எப்பிடி வருவீங்க?” ஈப்போவில் முன்பின் அறியாதவர் கையில் எவரும் தம் பொருளைக் கொடுக்கவும் மாட்டார், அவர் வாங்கவும் மாட்டார். இங்கோ நிற்பவரின் பை உட்கார்ந்திருப்பவரின் மடிக்குப் போவது வழக்கம் என்று பேருந்தைச் சுற்றிப் பார்த்ததும் புரிந்தது. அந்த அம்மாள் மடியில் ஏற்கெனவே இரண்டு பைகளும் ஒரு குழந்தையும் இருந்தன. டின்னின்மீது குழந்தை தாளம் போட்டது. ஒரு மணி நேரம் நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சவரிராயன் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். எழுபத்திரண்டு வயது; முதுகு இன்னும் இராணுவத்தை விடவில்லை. “வாங்க முசே தலைவர்” என்று, ஐயா என்பதைப் பிரெஞ்சில் சொல்லிக் கையைப் பற்றிக் குலுக்கினார். அவருடைய மனைவி ரோஸ்லின் அம்மையாரைத் தெருவே மதாம் என்றுதான் அழைக்கிறது. இரவு உணவுக்கு நீண்ட பிரெஞ்சு ரொட்டியும், ராகு என்று அவர்கள் சொல்லும் ஆட்டிறைச்சிக் குழம்பும் வைத்தார். பட்டையும் கிராம்பும் நம்முடையவை. குழம்பை மெல்லிய தீயில் பாதி நாள் விட்டுவிடும் பொறுமை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. எங்கள் ஊர்க் கறிக் குழம்பில் தேங்காய்ப்பால் முதலில் பேசும். இதில் இறைச்சிதான் பேசியது.

சாப்பிடும்போது அம்மையார் கணவரிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன். “நீங்க வந்ததுல ரொம்ப சந்தோஷம்னு சொல்றா” என்றார் சவரிராயன். சொல்லப்பட்டது நீளமாக இருந்தது, மொழிபெயர்ப்பு குறுகியிருந்தது.

புதன்கிழமை காலை வண்டியைப் பார்த்தேன். பார்த்தேன் என்பது போதாது. என் வண்டியே எனக்கு முன்பாக வந்து வேறு ஊர் எண்ணுடன் நிற்பது போலிருந்தது. எண்ணெய் ஒரு சொட்டும் கசியவில்லை. உருளைகளின் குளிர்விப்பு மடிப்புகளுக்குள் பல் துலக்கும் பிரஷ் போய் வந்த சுத்தம். ரப்பர் உறைகள் வெடித்துப்போனபோது, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ரப்பர் பிரிவில் வேலை செய்யும் ஒருவருக்கு அளவு கொடுத்து வார்க்கச் சொன்னாராம். முதல் இரண்டு சரியில்லையென்று திருப்பிக் கொடுத்து, மூன்றாவதை ஏற்றிருக்கிறார். அந்த மூன்றாவதை நான் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். என்னிடம் உள்ள அசலுக்குக் குறைந்ததில்லை. இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை; ஆயினும் சொன்னேன். கிளட்ச் கம்பி கவசத்தின் தவறான பக்கமாகப் போவதையும் சுட்டிக்காட்டி, சரிசெய்து கொடுத்தேன்.

“இருவது வருஷமா அப்பிடித்தான் ஓடுது” என்றார்.

“இருபது வருடமாகத் தவறாக ஓடியிருக்கிறது.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மதிய உணவுக்கு வீராம்பட்டினத்து வஞ்சிரத்தின் நடுத்துண்டு என் தட்டுக்கு வந்தது.

அந்தி சாய்ந்ததும் பெட்டியைப் பிரித்தேன். பழுப்பு நாடாவைக் கத்தியால் கிழித்து, எண்ணெய்த் தாளை விலக்கி, கண்ணாடியை நானே விளக்கில் பொருத்தினேன். வண்டியை வாசலுக்கு உருட்டி, எதிர்வீட்டு மஞ்சள் சுவரைப் பார்க்க நிறுத்தினோம். எதிர்வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சவரிராயன் சுவிட்சைப் போட்டார்.

மஞ்சள் சுவரில் ஒளியின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியது போல் விழுந்தது. இடப்பக்கம் சமமான கோடு. வலப்பக்கம் கோடு மேலே ஏறியது.

“பல்பு திரும்பியிருக்கும்” என்றேன். கழற்றி மாட்டினேன். வலப்பக்கம் ஏறியது. வண்டி சாய்ந்து நிற்கிறது என்றேன். நிமிர்த்திப் பிடித்தார்கள். அப்போதும் வலப்பக்கமே ஏறியது.

சவரிராயன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளக்கின் முன்னால் குனிந்தார். இடப்பக்கச் சாலைக்கு உரிய கண்ணாடியில் ஒரு சிறு அம்புக்குறி வார்க்கப்பட்டிருக்கும். வலப்பக்கத்துக்கு உரியதில் இருக்காது. இதை என் கட்டுரையிலிருந்துதான் அவர் தெரிந்துகொண்டிருந்தார்.

“முசே, அம்பு எங்க?”

நானும் குனிந்தேன். அம்பு இல்லை.

பெட்டியின்மேல் இடப்பக்கச் சாலைக்கு உரியது என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. கிழிந்த நாடாவை அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். அது தொழிற்சாலை நாடா இல்லை. எங்கள் கல்லூரி அலுவலகத்தில் வினாத்தாள் உறைகளை ஒட்டப் பயன்படுத்திய நாடா. பழைய வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். புதுப் பாகத்தை எடுத்து வண்டியில் மாட்டுவோம். கழற்றிய பழையதை எறிய மனம் வராது. கையருகே புதியதன் பெட்டி காலியாகக் கிடக்கும். பழையதை அதற்குள் வைத்து மூடிவிடுவோம். ஐரோப்பாவிலிருந்து வந்த என் வண்டிக்கும் முதலில் வலப்பக்கக் கண்ணாடிதான் இருந்தது. நான் ஒரே ஒரு புதுக் கண்ணாடி வாங்கியிருக்கிறேன். அதை மாட்டிவிட்டு, பழையதை அதன் பெட்டியில் வைத்து, நேர்த்தியாக ஒட்டி, மேல்தட்டில் ஏற்றியிருக்கிறேன். பிறகு, ஆண்டுகள் போகப் போக, பெட்டியில் எழுதியிருந்ததை நானே நம்பத் தொடங்கியிருக்கிறேன்.

கடைக்காரர் அன்றே பெட்டியை மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும் என்ற வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். வாக்கியத்தை விழுங்கிவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

சவரிராயன் வாசற்படியில் உட்கார்ந்தார். “எங்கிட்ட ஒரு தப்பு இருந்துச்சு” என்றார். “நீங்க கடல் தாண்டி வந்து அத ஜோடியாக்கிட்டீங்க.”

“என் வண்டியில் உள்ளதைக் கழற்றி அனுப்பச் சொல்கிறேன்.”

“நாளான்னைக்கு வெள்ளிக்கெழம, முசே.”

அப்போது ரோஸ்லின் அம்மையார், “லைட்ட அணைங்க, கண்ணு கூசுது” என்று கையிலிருந்த ரொட்டித் தட்டை முகத்துக்கு நேராகத் தூக்கியபடி வண்டிக்கு முன்னால் குறுக்கே நடந்தார். தட்டின் விளிம்பு கண்ணாடியின் ஒரு பகுதியை மறைத்த நொடியில், சுவரில் வலப்பக்கம் ஏறியிருந்த ஒளி மறைந்தது. கோடு நேராக நின்றது.

“நில்லு, அங்கயே நில்லு” என்றார் சவரிராயன்.

“தட்டு கனக்குது.”

“அசையாதீர்கள் அம்மையாரே” என்று நானும் சொன்னேன். என் குரல் சற்று உயர்ந்துவிட்டது என்று பிறகு எனக்குத் தெரிவிக்கப்பட்டது.

தட்டை அட்டையாக மாற்றினோம். அட்டையைச் சிறிது சிறிதாக வெட்டி, ஏறும் ஒளியைத் தரும் பகுதி எது என்று கண்டோம். கேக் துண்டைப் போன்ற வடிவம், உள்ளங்கையில் பாதி. அந்த இடத்தைக் கறுப்பாக்கிவிட்டால் போதும். டேப் வழுக்கும். பெயிண்ட் வழவழப்பான கண்ணாடியில் நிற்காது, சூட்டில் உரியும். பெயிண்ட் பிடிப்பதற்குக் கண்ணாடியின் தோலைச் சொரசொரப்பாக்க வேண்டும்.

“ஜமால் பாய்” என்றார் எதிர்வீட்டுக்காரர், நாற்காலியை விட்டு எழாமலே.

வியாழக்கிழமை காலை ஜமால் பாயின் கடையில் இருந்தோம். கதவுக்கும் ஜன்னலுக்கும் கண்ணாடியில் பூவேலை செய்யும் குடும்பம். ஸ்டிக்கரை ஒட்டி, வடிவத்தை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் காற்றோடு மணலை வீசினால் கண்ணாடி பால்போல மங்குகிறது. கடை முழுவதும் மயில்களும் திராட்சைக் குலைகளும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஜமால் பாய் எங்கள் கண்ணாடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“மயில் போட்டுறலாமா?”

“விளையாட வேண்டாம்” என்றேன்.

“வெளையாடல சார். வளஞ்ச கண்ணாடி, உள்ள வரிவரியா இருக்குது. மணல் பட்டா எங்க விரிசல் விடும்னு சொல்ல முடியாது. ஒடஞ்சா நான் பொறுப்பில்ல. சவரி அண்ணன் பாத்துட்டு அழுவாரு.”

“ஒடஞ்சா இன்னொண்ணு கெடக்குது பாய்” என்றார் சவரிராயன். “முசே புண்ணியத்துல.”

அது குத்தலா, உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் என்றே எடுத்துக்கொண்டேன். அவருடைய அசல் கண்ணாடியைத் தொடக் கூடாது, நான் கொண்டுவந்ததில்தான் வேலை செய்ய வேண்டும் என்றேன். ஒற்றைக் கண்ணாடி மட்டும் இருந்திருந்தால் எங்கள் இருவரில் எவருக்கும் அதைக் கம்ப்ரசரின் முன் வைக்கும் துணிவு வந்திராது.

மணல் வீசும் அறையின் கதவு மூடிக்கொண்டது. உள்ளே நாகம் சீறுவது போல் ஓசை. சவரிராயன் தம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். திறந்தபோது ஜமால் பாய் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். விரிசல் இல்லை. கேக் துண்டு, கோடு பிசகாமல், வெண்மையாக இருந்தது. அவர் வெட்டிய விளிம்பில் நான் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்தார். “எத்தன மார்க்கு சார்?” நான் நூறு என்றேன். வகுப்பில் நான் எவருக்கும் கொடுக்காத மதிப்பெண்.

அப்போதுதான் சவரிராயன் குரலைத் தாழ்த்தினார். “பாய், அப்பிடியே ஓரத்துல சின்னதா ஒரு அம்பு போட்டுடேன்.”

“வேண்டாம்” என்றேன்.

“போன தடவ அந்த ஆய்வாளரம்மா அம்பத்தான் தேடிச்சு முசே. அது இருந்தா ஒரு கேள்வி கெடையாது.”

“இல்லாத அம்பை இருப்பதாகக் காட்டுவது பொய்க் கையெழுத்துக்குச் சமம். என் பெயர் சம்பந்தப்பட்ட பொருளில் அதை அனுமதிக்க மாட்டேன்.”

“உங்க பேரு” என்றார். அவர் முகம் சிவந்தது. “யாரோட தப்புல நாம இங்க நிக்கறோம்? நாளைக்கு வண்டி போச்சுன்னா உங்க பேரு ஈப்போவுல பத்திரமா இருக்கும். என் வண்டில செடி மொளைக்கும்.”

ஜமால் பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எனக்கு அம்பு போட வராது” என்றார். மயிலின் தோகையில் கண் கண்ணாகச் செதுக்கும் மனிதர் அவர்.

திரும்பி வரும்போது நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வழியில் புகைபோக்கிக்கு அடிக்கும் சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்ட் வாங்கினோம். இரண்டு பூச்சுக் கொடுத்த பிறகு அதை நிதானமான சூட்டில் வைக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. வீட்டில் அப்படிப்பட்ட சூடு ஒரே இடத்தில்தான் இருந்தது: அம்மையார் கேக் சுடும் அடுப்பு. கணவர் கேட்கத் தயங்கியதால் நான் கேட்டேன்.

“வெய்யிங்க” என்றார். “அப்பறம் என் கேக்குல பெயிண்ட் வாசன வந்துச்சுன்னா ரெண்டு பேருக்கும் படுக்க ரோடுதான்.” பிறகு என்னைப் பார்த்து, “முந்தாநாளு நான் பிரெஞ்சுல என்னா சொன்னேன்னு அவரு சரியா சொல்லல ஐயா. ‘ஒரே வியாதிக்காரனுங்க ரெண்டு பேரு ஒரே டேபிள்ல’ன்னு சொன்னேன்.”

சவரிராயன் சிரித்தார். என்னோடு மறுபடியும் பேசத் தொடங்கினார். அன்று அந்தியில் மஞ்சள் சுவரில் விழுந்த கோடு, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, ஆட்டமில்லாமல் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் நாற்காலியை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை காலை சவரிராயன் இஸ்திரி போட்ட சட்டையில் வண்டியை ஓட்டிக்கொண்டு முன்னால் போனார். நான் ஆட்டோவில் பின்தொடர்ந்தேன். பின்னிருக்கையில் உட்கார்ந்து போவது என் வழக்கமன்று. ஆட்டோ ஓட்டுநர், “முன்னாடி போறது ஃப்ளைட்டா சார்?” என்றார். ஆம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

ஆய்வாளர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண்மணி. சவரிராயனைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். “தாத்தா, இன்னிக்கும் டேப்பா?” எண்களைச் சரிபார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், ஹாரனை அடிக்கச் சொன்னார். பிறகு விளக்கின் முன்னால் குனிந்தார். அவர் விரல் கண்ணாடியின் ஓரமாக நகர்ந்து தேடியது.

“இது வேற கண்ணாடி. ஆனா இதுலயும் அம்பு இல்ல. இது என்னா கறுப்பு?”

“கம்பெனிலருந்தே அப்பிடித்தாம்மா வரும்” என்றார் சவரிராயன்.

“அப்பிடியா? எந்த வருஷம் அப்பிடி வந்துச்சு?”

சவரிராயன், வருடம் அங்கே எழுதியிருப்பது போல, டாங்கின் மூடியைக் குனிந்து பார்த்தார்.

நான் முன்னால் வந்தேன். “இது வலப்பக்கச் சாலைக்கு உரிய கண்ணாடிதான், அம்மா. இடப்பக்கத்துக்கு உரியது என்று எண்ணி மலேசியாவிலிருந்து நான் கொண்டுவந்தேன். பெட்டியைத் திறந்து பார்க்காமல் கொண்டுவந்தது என் தவறு. ஏறும் ஒளியைத் தரும் பகுதியை மணல் வீசி மங்கலாக்கி, சூடு தாங்கும் பெயிண்ட் அடித்து, அடுப்பில் சுட்டிருக்கிறோம். இது வழுக்காது. நிறுவனம் செய்ததில்லை, நாங்கள் செய்தது.”

அலுவலகத்தில் காத்திருந்த ஐந்தாறு பேர் எங்களைப் பார்த்தார்கள். சவரிராயன் என்னைப் பார்க்கவில்லை.

“அடுப்புலயா?” என்றார் ஆய்வாளர்.

“கேக் அடுப்பில்.”

அவர் நகத்தால் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. மறுபடி சுரண்டினார். “எனக்கு அம்பு முக்கியமில்ல. வெளிச்சம் எங்க விழுதுன்னு பாக்கணும். வண்டிய ஷெட்டுக்குள்ள விடுங்க. கால் மணி நேரம் லைட்டு எரியட்டும்.”

அந்தக் கால் மணி நேரத்தில் நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். கண்ணாடியின் சூடு இரண்டடி தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது. பலகையில் கிழித்த கோட்டுக்குக் கீழே ஒளி விழுந்தது. விழுந்த இடத்திலேயே இருந்தது. ஆய்வாளர் எதிரே வண்டி வரும் பக்கம் போய் நின்று, விளக்கை நேராகப் பார்த்தார். கண்ணை இடுக்கவில்லை. பேனாவை எடுத்தார்.

“தாத்தா, அடுத்த தடவ வரும்போது இவர கூட்டிக்கினு வாங்க. பொய் சொல்ல உங்களுக்கு வரல.”

வெளியே வந்ததும் சவரிராயன் சாவியை என் கையில் வைத்தார். நாற்பது ஆண்டுகளில் என் சாவியை நான் எவருக்கும் கொடுத்ததில்லை. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். அவர் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

புதுச்சேரியின் தெருக்களில் வளைவு கிடையாது. அளவுகோல் வைத்துக் கிழித்தவை. ஆகவே ஊரை விட்டுக் கடலூர்ச் சாலையில் சிறிது தூரம் போய்த் திரும்பினேன். மூன்றாவது கியரில் இயந்திரம் தன் இயல்பான குரலுக்கு வந்தது. என் வண்டிக்குக் கொஞ்சம் ஆழ்ந்த குரல். இதற்குச் சற்றுத் தெளிந்த குரல். கவசத்துக்குப் பின்னால் காற்றில்லை. என் சட்டைக் காலர்கூட அசையவில்லை. நாற்பது வயதான ஓர் இயந்திரம், இரு கிழவர்கள், ஒரு கண்ணாடிக்காரர், ஒரு கேக் அடுப்பு ஆகிய அனைவரின் பெருமையும் அன்று என் இரு கைகளுக்குள் இருந்தது. ஆட்டோவும் பேருந்தும் ஒதுங்கின. ஒதுங்காதவர்களுக்கு நான் ஒதுங்கினேன்.

வீட்டுக்குள் நுழையும்போது ரோஸ்லின் அம்மையார் தொலைபேசியில் இருந்தார். மறுமுனையில் உணவகக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. “இல்லப்பா, வண்டி விக்கறதுக்கில்ல. உனக்குச் செடிதான வேணும்? என் வீட்டு வாசல்ல நாலு தொட்டி இருக்குது, வந்து எடுத்துக்கினு போ.”

சனிக்கிழமை, புறப்படும் முன், காலிப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். சவரிராயனின் அசல் கண்ணாடியை எண்ணெய்த் தாளில் சுற்றி அதற்குள் வைத்தேன். மேலே அச்சிட்டிருந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, அதன் கீழ் எழுதினேன்: ‘வலப்பக்கச் சாலைக்கு உரியது. மேலே உள்ளது தவறு.’ கையெழுத்திட்டுத் தேதியும் போட்டேன்.

“தேதி எதுக்கு முசே?” என்றார் சவரிராயன்.

“இனி இதைத் திறப்பவர் என்றிலிருந்து நம்பலாம் என்று தெரிந்துகொள்ள.”

ஈப்போ திரும்பியதும் சங்கக் கூட்டத்தைக் கூட்டி, நடந்ததைச் சொன்னேன். உறுப்பினர் பதின்மரும் மரியாதையாகக் கேட்டார்கள். இருவர் மட்டும் இருமலை அடக்கும் பாவனையில் வெளியே போய் வந்தார்கள். அவர்கள் முன்னிலையிலேயே என் அலமாரியின் பெட்டிகள் அனைத்தையும் பிரித்தேன். முப்பத்தொன்று. அவற்றில் ஏழில் பெயர் ஒன்றும் பொருள் வேறொன்றுமாக இருந்தது. ஏழின்மீதும் எழுதிக் கையெழுத்திட்டேன். அதன் பிறகு இருமியவர்களில் ஒருவர், தம் வீட்டுப் பெட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று அவசரமாக விடைபெற்றுக்கொண்டார்.

என் வண்டியின் முகப்பு விளக்கில் அம்புக்குறி இருக்கிறது. குனிந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.